விரதத்தை முறித்த மகனுக்கு

மகனே,

உன்னைப் பற்றி எழுதப் போகிறேன், எல்லோரும் வாசிக்கும்படி எழுதப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது நீ, "எழுதுங்கோ அம்மா. ஆனா என்ர பேரைப் போடாதேங்கோ. உங்கட பேரையும் போடாதேங்கோ, பிறகு மேய்ஸ் ஹில்லில நிக்கிற அவ்வளவு பேருக்கும் விளங்கிடும்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே சிட்னியில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் நிற்கிறவர்களுக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது. விளங்க வைத்தது நீயும் நானும்தான். அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். பெயர் போடாமல் எழுதுகிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன் என்று உனக்குத் தெரியும்.

நீ மெல்பேர்னுக்குப் போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. ரயில் சிக்னல் திட்டமிடும் அலுவலகத்தில் வேலை கிடைத்தது என்று நீ சொன்ன நாளிலிருந்து என் வயதுப் பெண்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "தனிய விடப் போறியளோ?" நான் எழுபதைத் தாண்டியவள். நாற்பதைக் கடந்த பின் பிறந்த ஒரே பிள்ளை நீ. உன் அப்பாவும் இல்லை. தனியே விடுவதென்றால் யாரை யார் தனியே விடுவது என்று நான் திருப்பிக் கேட்டேன். நீ காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது நான் வாசலில் நேராக நின்றேன். கண் கலங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார். கல்யாண ஊர்வலத்தைப் பார்க்கிற மாதிரி நான் உன் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது அவருக்குத் தெரியாது.

உன் மனதைப் பற்றி உன்னோடு பேச எத்தனையோ பேர் இருந்தார்கள். டொக்டர், தாதி, உளவியலாளர், இளைஞர்களுக்கான அந்த மனநல மருத்துவ நிலையத்தில் உனக்கென்று பொறுப்பாக இருந்த ஆள். நான் எழுதப் போவது உன் உடம்பைப் பற்றி. நெஞ்சு, வயிறு, இரத்தம், பல், கால். இவை கெட்டுப்போனால் நீ மனதுக்கு எடுக்கிற மருந்தை, அந்தக் குளிசையை, நிறுத்துவாய். குளிசையை நிறுத்தினால் நீ எங்களை விட்டுப் போய்விடுவாய். இதை ஒரு தடவை கண்ணால் கண்டவள் நான். இனி ஒரு தடவை காணக்கூடாது என்பதற்காக நாம் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. வென்ற கதையை எழுதி வைக்காவிட்டால் அடுத்த வீட்டுத் தாய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால்தான் இதை மூடிய உறையில் வைத்து உனக்கு அனுப்பாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நீ பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்த காலத்தில் உனக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. சுவருக்குள் யாரோ இருந்து நம் பேச்சைக் கேட்கிறார்கள் என்றாய். பிறகு நான் சமைத்ததை உண்ண மறுத்தாய். நான் அதில் ஏதோ கலக்கிறேன் என்று உனக்கு அந்தக் குரல்கள் சொல்லியிருந்தன. கடையில் வாங்கிய தகர மீனை என் முன்னால் நீயே திறந்து, நின்றபடி சாப்பிட்டாய். அவ்வளவுதான் உன் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த நாளில் உன் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சைக்கோசிஸ் என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். சின்ன வயதில், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருக்கிறோம், மருந்து வேலை செய்யும் என்றார் டொக்டர். வேலை செய்தது. வீட்டுக்கு வந்த அன்று நீ குசினிக்குள் வந்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம், "அம்மா, பசிக்குது."

அந்த இரண்டு சொல்லுக்காக நான் என்னதான் செய்ய மாட்டேன்? என் கையால் உண்ண மாட்டேன் என்ற பிள்ளை என் கையைப் பார்த்துப் பசிக்கிறது என்கிறான். இடியப்பமும் சொதியும், புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும், பின்னேரம் ரோல்ஸும் கட்லட்டும் என்று நான் அடுப்பை அணைக்கவில்லை. நீயும் தட்டை மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டு எழும்பிய பிறகு பாணில் பட்டரைப் பூசிக்கொண்டு திரும்பவும் வந்து உட்காருவாய். தாகம் தாகம் என்று சோடாவைக் குடிப்பாய். உன் கன்னம் நிரம்பியது. கோயிலில் என் சிநேகிதி மனோ, உன்னுடைய மனோ அன்ரி, உன் தாடையைப் பிடித்து, "இப்பதான் பிள்ளை ஆள் மாதிரி இருக்கிறான். என்ன குடுக்கிறியள் அக்கா?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, வீட்டுச் சாப்பாடுதான்" என்று நான் சொன்னபோது என் முதுகு இன்னும் கொஞ்சம் நேராகியது. நம் ஆட்களுக்கு சதை போட்டால் சுகம், மெலிந்தால் வருத்தம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஆனால் சதை ஓரிடத்தில் நிற்கவில்லை. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினாய். கோயிலில் கேட்ட கேள்வியின் தொனி மாறியது. "ஏன் அக்கா, தம்பிக்கு ஏதும் வருத்தமோ?" என்றார்கள். அப்போது நான் ஒரு பொய் சொன்னேன். தைரொயிட் என்றேன். கௌரவமான நோயாக எனக்குப் பட்டது அது. அதன் பலனை நீதான் அனுபவித்தாய். அன்னதானப் பந்தியில் மனோ அகப்பையோடு வந்து, "அவனுக்குக் கோவாக் கறி போடாதேங்கோ! தைரொயிட்டுக்குக் கோவா கூடாது" என்று சத்தம் போட்டு, இலையில் இருந்த ஒரே மரக்கறியான அந்த முட்டைக்கோஸையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு அகப்பை பாயசத்தை ஊற்றினார். நீ என்னைப் பார்த்தாய். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

பிறகு அந்தக் கல்யாணம். சொந்தக்காரப் பிள்ளையின் கல்யாணம், யார் என்று எழுதத் தேவையில்லை. உன் கோட்டுப் பொத்தான் பூட்ட முடியவில்லை. மண்டபத்தில் ஒரு பெரியவர் எல்லோருக்கும் கேட்க, "என்ன தம்பி, கொம்மா இரண்டு பேருக்குச் சமைச்சு உனக்கே தாறா போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றோடு நீ குளிசையை நிறுத்தினாய் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த கிழமைகளில் உன் முகத்தின் சதை வடிந்தது, நான் மகிழ்ந்தேன். அதற்குப் பிறகு சுவர் திரும்பவும் பேசத் தொடங்கியது. இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி. கொஞ்சம் தெளிந்த பிறகு அங்கே கட்டிலில் இருந்தபடி நீ சொன்னாய்: "அம்மா, குளிசை என்ர தலையைத் திருப்பித் தந்தது. உடம்பை எடுத்திட்டுது. ஒண்டைத் தந்து மற்றதை வாங்கிறதெண்டா நான் என்ன செய்யிறது? இந்த உடம்போட என்னால வெளியில போகேலாது."

அந்தக் கேள்வியோடு நான் டொக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்தில் கொன்வென்றில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மதர், கேள்வி கேட்பதென்றால் எழுந்து நின்று, முழு வசனத்தில் கேட்க வேண்டும் என்பார். அப்படியே கேட்டேன். இந்த மருந்து பசியைக் கூட்டும் என்று தெரிந்திருந்தும், இந்தப் பிள்ளையை இத்தனை மாதங்களில் ஒருவர்கூடத் தராசில் ஏற்றாதது ஏன்? அவர் நல்ல மனிதர். சமாளிக்கவில்லை. "நீங்கள் கேட்பது சரி. நாங்கள் மனதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்" என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்தால் சீனி எல்லைக்கு வந்து நின்றது. கொழுப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. உனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. உன் அப்பாவுக்கு அறுபதில் வந்த நெஞ்சு வருத்தம் உனக்கு முப்பதிலேயே வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். அதை அன்று உனக்குச் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

அதன் பிறகுதான் கவிதா வந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை, சாப்பாட்டு ஆலோசகர், அந்த மருத்துவ நிலையத்தில் வேலை. வீட்டுக்கே வந்து குசினியைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. என் குசினியை யாரும் பரீட்சை பார்த்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவர் கீழ்த் தட்டில் வரிசையாக நின்ற போத்தல்களைப் பார்த்து, "ஆன்ட்டி, இதெல்லாம் யாரு குடிக்கிறாங்க?" என்றார்.

"பிள்ளைக்குத் தாகம் கூட."

"தாகம் மருந்தால வருது ஆன்ட்டி. பசியும் மருந்தாலதான். வயிறு ரொம்பிருச்சுன்னு மூளைக்குத் தெரியவிடாம இந்த மருந்து தடுத்துடுது. அவர் ஆசைப்பட்டுச் சாப்பிடல."

என் தலை குனிந்தது. அளவுக்கு மிஞ்சி உண்பது பெரும் பாவங்களில் ஒன்று என்று கொன்வென்றில் எங்களுக்குக் கிறிஸ்தவ வேதபாடத்தில் சொன்னார்கள். சைவப் பிள்ளையாக இருந்தும் அதை நான் மறக்கவில்லை. அந்தப் பிரசங்கத்தை உனக்கு எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், ஒரு கையால் இன்னொரு ரோல்ஸை உன் தட்டில் வைத்துக்கொண்டு. "அப்ப சோத்தை நிப்பாட்டிறதோ?" என்று கேட்டேன்.

"ஐயோ, சோறு சாப்பிடட்டும். தட்டுல பாதி காய்கறியா இருக்கட்டும். இந்த சோடா மட்டும் இன்னிக்கே வெளிய போகணும்."

"பிள்ளை கோவிப்பான்."

நீ குசினி வாசலில் நின்று, "பிள்ளை இங்கதான் நிக்கிறான். அவனிட்டயும் கேக்கலாம்" என்றாய்.

கவிதாவின் முகம் சிவந்தது. "ஸாரி, என் தப்பு" என்று ஒரு கதிரையை உன் பக்கம் இழுத்துப் போட்டார். "நீங்களே சொல்லுங்க. எதை விட முடியும், எதை விட முடியாது?" நீ நன்றாக யோசித்தாய். "சோடா விடலாம். பாண் குறைக்கலாம். மட்டன் ரோல்ஸ் விடேலாது" என்றாய். "சனிக்கிழமை ஒண்ணு?" என்றார் கவிதா. "இரண்டு." "சரி, இரண்டு." சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி இருந்தது. நான் நடுவில் நின்றேன். ஒருவரும் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வலித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டொக்டரும் தன் பங்கைச் செய்தார். ஒரே நாளில் மாற்றாமல், பழைய குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நிறையை அவ்வளவு கூட்டாத வேறொன்றைத் தொடங்கினார். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. முழுச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பை பால் போதாது. வயிற்றில் போதிய சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு அந்த மருந்தில் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளாது என்றார். உன்னிடம் ஒரு தடவை சொன்னார். தாய் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

நீயும் நானும் நடக்கத் தொடங்கினோம். நான் சாறியோடு ஓட்டச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தபோது நீ பாதையிலேயே நின்று சிரித்தாய். "அம்மா, மேல கோயில், கீழ ஒலிம்பிக்." நடை பிந்தினால் நான் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு மூன்று மாதங்களில் நீதான் என்னைப் பார்த்து, "கெதியா வாங்கோ" என்றாய். ஆஸ்பத்திரியில் பழகிய சிகரெட்டை, தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் துண்டுகளின் உதவியோடு விட்டாய். எரிச்சலில் என்னோடு சண்டை பிடித்தாய், ஆனாலும் விட்டாய். குளிசையால் வாய் காய்ந்து பல்லில் வந்த ஓட்டைகளை அடைத்தோம். இவை ஒன்றும் பெரிய கதை இல்லை. தினமும் செய்தாய் என்பதுதான் பெரிது.

நீச்சல் மட்டும் பெரிய கதை. கவுன்சில் நீச்சல் தடாகத்துக்கு முதல் நாள் போனபோது ரீ சேட்டைக் கழற்ற மாட்டேன் என்றாய். "எல்லாரும் பாக்கினம் அம்மா." ஒருத்தரும் பார்க்கவில்லை, பார்க்கிற ஒரே ஆள் நான்தான், நான் திரும்பி இருக்கிறேன் என்றேன். அங்கே இருந்த வாங்குப் பலகையில் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். கொன்வென்றில் வகுப்பில் கதைத்தால் அப்படித்தான் சுவரைப் பார்த்து நிற்க விடுவார்கள். அந்தத் தண்டனையை நான் படித்த காலத்தில் ஒரு நாளும் வாங்கியதில்லை, எழுபதை நெருங்கும் வயதில் சிட்னியில் வாங்கினேன். அங்கே வேலை செய்த பெண் வந்து எனக்குச் சுகமில்லையா என்று கேட்டார். சுகம்தான், நான் இந்தச் சுவரை இரசிக்கிறேன் என்றேன். கிழமைக்குக் கிழமை அந்தச் சுவரின் ஒவ்வொரு ஓடும் எனக்குப் பழக்கமானது. பிறகு ஒரு சனிக்கிழமை பின்னால் உன் குரல் கேட்டது: "அம்மா, இனித் திரும்பலாம்." திரும்பினேன். ரீ சேட் கைப்பிடிக் கம்பியில் தொங்கியது. நீ தண்ணீருக்குள் இருந்தாய், வெறும் மேலோடு, சிரித்துக்கொண்டு. நான் கைதட்டினேன். உனக்கு வெட்கமாக இருந்திருக்கும். எனக்கு இல்லை.

அந்த வருடம் இரத்தத்தில் சீனி இறங்கியது. கொழுப்பும் இறங்கியது. நீ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினாய், பாதி நேரமாக. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்தப் பெருமையில்தான் நான் பெரிய பிழையைச் செய்தேன். முருகனுக்கு நேர்த்தி வைத்தேன், கந்தசட்டி ஆறு நாளும் நீ விரதம் பிடிப்பாய் என்று. உன் வாயால் வைக்க வேண்டிய நேர்த்தியை என் வாயால் வைத்தேன். உனக்குச் சொன்னபோது நீ மறுக்கவில்லை. நன்றி சொல்ல உனக்கும் ஆசை இருந்தது. பகல் முழுவதும் வெறும் தண்ணீர், பின்னேரம் பாலும் பழமும். குளிசையை அந்தப் பாலோடு தந்தேன். டொக்டர் இரண்டு தடவை சொன்னதும், நான் இரண்டு தடவை தலையாட்டியதும் என் நினைவுக்கு வரவில்லை. கோயில் வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று என் மனதில் எங்கேயோ பிரித்து வைத்திருந்தேன் போலும்.

நாலாம் நாள் மத்தியானம். நான் குசினியில் சுவாமிக்குப் படைக்கப் பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வந்து அரிசிப் பேணியை எடுத்தாய்.

"என்ன செய்யிறாய்?"

"சோறு போடப் போறன்."

"விரதமடா! இன்னும் இரண்டு நாள்தானே, சூரன்போர் முடியட்டும்."

"அம்மா, இரண்டு நாளா நித்திரை சரியில்லை. இண்டைக்குக் காலமை பஸ்ஸில பின்னால இருந்த ஆக்கள் என்னைப் பற்றிக் கதைச்ச மாதிரி இருந்தது. கதைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா இருந்தது." நீ அரிசியைக் கழுவிக்கொண்டே சொன்னாய், குரல் நடுங்காமல். "குளிசை சாப்பாட்டோடதான் வேலை செய்யும். பால் சாப்பாடில்லை. நானே முதல் நாள் சொல்லியிருக்கோணும்."

"முருகன் பாத்துக்கொள்ளுவார். நேர்த்தியை இடையில விட்டா—"

"நேர்த்தி உங்கட, அம்மா. குளிசை என்ர."

நான் கத்தியை வைத்தேன். என் வாழ்க்கையில் என்னை அப்படி யாரும் நிறுத்தியதில்லை, உன் அப்பா உட்பட. நீ கோபப்படவில்லை. சோறு வேகும்வரை தொலைபேசியை எடுத்து மருத்துவ நிலையத்துக்கு நீயே அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாய். நீ செய்தது சரி, சாப்பிட்டுவிட்டு இன்றே வா, பார்க்கலாம் என்றார்கள். பிறகு என் முன்னால் உட்கார்ந்து, சோறும் பருப்பும் நான் உனக்கென்று பொரித்த முட்டையும் சாப்பிட்டாய். சுவர் பேசிய காலத்தில் தகர மீனை நின்றபடி தின்ற பிள்ளை, சுவர் பேசத் தொடங்கு முன்பே அதைக் கண்டுபிடித்து, உட்கார்ந்து, ஆறுதலாகச் சோறு சாப்பிட்டான். உன்னோடு தொடங்கிய என் விரதத்தை நான் தொடர்ந்தேன். ஆனால் அன்று கும்பிட்டது சுவாமி அறையில் இல்லை, அந்தச் சாப்பாட்டு மேசையில்.

ஆறாம் நாள் சூரன்போருக்குப் போனோம். உன் நித்திரை திரும்பியிருந்தது. கோயில் வீதியில் மனோ உன்னைப் பிடித்துக்கொண்டார். "விரதம் முடிச்சாச்சோ தம்பி? முகமே பிரகாசமாக் கிடக்கு."

"இல்லை அன்ரி. இடையில முறிச்சிட்டன். மருந்து சாப்பாட்டோட எடுக்கோணும்."

"தைரொயிட் குளிசை வெறும் வயித்திலயெல்லோ எடுக்கிறது? நானும் எடுக்கிறனான்."

பார், பொய் சொல்கிறவளுக்கு முருகன் எப்படித் தண்டனை தருகிறார். நீ என்னைப் பார்த்தாய். சொல்லுங்கோ என்றும் இல்லை, சொல்லாதேங்கோ என்றும் இல்லை. "சொல்லட்டோ?" என்று உன்னிடம் கேட்டேன். நீ தலையசைத்தாய். "தைரொயிட் இல்லை மனோ" என்றேன். "அவனுக்கு சைக்கோசிஸ் வந்தது. குரல் கேட்டது. மருந்து எடுக்கிறான், சுகமா இருக்கிறான். நிறை கூடினது மருந்தால. குறைச்சது அவன்ர முயற்சியால, நடந்தும் நீந்தியும்." தவில் முழங்கிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. முன்னால் நின்றவர்களும் திரும்பினார்கள்.

மனோ வாயில் விரலை வைத்தபடி நின்றார். நான் எதற்கும் தயாராக நின்றேன். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர அக்கான்ர மகளும் உப்பிடித்தான் தம்பி" என்றார். "இப்ப வீட்டைவிட்டு வெளிக்கிடுறாள் இல்லை. உடுப்பு ஒண்டும் அளவில்லையெண்டு அழுறாள். குளிசையை விடப் போறன் எண்டு சொல்லுறாள். நீ எங்க போய் நீந்தினனீ?" சூரன் தலை மாறி மாறி வந்துகொண்டிருந்தான். நீ அங்கேயே நின்று அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாய், நீச்சல் தடாகத்தின் கட்டணம் உட்பட. "முதல்ல குளிசையை விட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. டொக்டரிட்ட நிறையைப் பற்றிக் கேக்கச் சொல்லுங்கோ. மாற்றக்கூடிய மருந்து இருக்கும்" என்றாய். அதன் பிறகு மனோ அன்னதானத்தில் உன்னைக் கண்டால் கோவாக் கறியை இரண்டு தடவை போடுகிறார். பழைய கடனைத் தீர்க்கிறாராம்.

இனி நீ இருக்கும் இடத்தில் நான் இல்லை. புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்க எனக்கு வராது. புது ஊரில் வேலை கூடும், சாப்பாட்டு நேரம் பிந்தும். பிந்தினாலும் சாப்பாட்டைத் தவறவிடாதே, குளிசை அதை நம்பி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்பேர்னில் த பேசின் என்ற இடத்தில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அங்கே விரதம் பிடி என்று எந்த அன்ரியாவது சொன்னால், பிள்ளையார் மோதகம் சாப்பிடுகிற கடவுள் என்று சொல்லிவிடு. பல் டொக்டரைத் தள்ளிப் போடாதே. நித்திரை குறைந்தால் பெருமைக்காக மறைக்காதே, அந்தப் பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வரவேண்டாம். ஒரு நாள் உனக்கென்று ஒரு பெண் வந்தால், அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொல். தைரொயிட் என்று சொல்லாதே. மெலிந்திருக்கிறாயா, தடித்திருக்கிறாயா என்று நான் இனிக் கேட்க மாட்டேன். மூச்சு வாங்காமல் படியேறுகிறாயா என்று மட்டும் கேட்பேன்.

சென்ற வியாழக்கிழமை, புது டொக்டரைப் பார்த்துச் சில நாட்களின் பின், நீ அழைத்தாய். நான் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

"நல்ல மனிசன், அம்மா. குரல் கேக்குதோ, நித்திரை எப்பிடி, வேலை எப்பிடி, எல்லாம் வடிவாக் கேட்டார். பிறகு முடிஞ்சுது, போகலாம் எண்டார். நான் எழும்பேல்லை."

"ஏன்?"

"இவ்வளவு நேரமும் கழுத்துக்கு மேலதான் பாத்தனீங்கள், கழுத்துக்குக் கீழயும் நான் இருக்கிறன் எண்டு சொன்னன்."

"ஐயோ, டொக்டரிட்ட அப்பிடியே சொன்னனீ?"

"ஓம். மரியாதையாத்தான்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். பிறகு நிறை பாத்தார், பிறஷர் பாத்தார், இடுப்பை அளந்தார், இரத்தம் எடுக்க அனுப்பினார். இரத்தப் பரிசோதனை மறுமொழியும் இண்டைக்கு வந்திட்டுது."

"சீனி எவ்வளவு? கொழுப்பு? நிறை எத்தனை?" நான் மூச்சு விடாமல் கேட்டேன். இத்தனை வருடங்களாக அந்த எண்கள் எல்லாம் எனக்குப் பாடம்.

"அம்மா," என்றாய் நீ, மிக மெதுவாக, "அது எனக்கும் டொக்டருக்கும்."

"சரி" என்றேன். பிறகு நீ அங்கே பெய்கிற மழையைப் பற்றிச் சொன்னாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

உன் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. உன் நிறை எத்தனை கிலோ என்றும் எனக்குத் தெரியாது. உனக்கு வருத்தம் வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்: எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

அம்மா